ஐந்து ரூபாய் பிஸ்கட்டும் ரேஷன் பாமாயிலும்

கேள்வி இது: அமெரிக்காவில் விவசாய மானியத்தால்தான் பாக்கெட்டிலும் பாட்டிலிலும் வரும் தொழிற்சாலை உணவு மலிவாகி, உடல் பருமனும் சர்க்கரை நோயும் பெருகின என்கிறார்களே, நம் நாட்டுக்கும் அது பொருந்துமா? பொருந்தும் என்றால் ரேஷனில் இலவச அரிசி கொடுப்பதை நிறுத்திவிடலாமா?

முதல் கேள்விக்குப் பதில்: பொருந்தும், ஆனால் வேறு வழியாக. இரண்டாவதற்குப் பதில்: கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்கக் கதையை முதலில் பார்த்துவிடுவோம். அதைப் பாதியாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதிபர் நிக்சன் காலத்தில் விவசாயத் துறையைக் கவனித்த ஏர்ல் பட்ஸ், வேலியோரம் வரை விதைக்கச் சொன்னவர். 1973-ல் வந்த விவசாயச் சட்டத்துக்குப் பிறகு மக்காச்சோளம் மலை மலையாகக் குவிந்தது. அதிலிருந்து எடுத்த இனிப்புப் பாகுக்கு 1984-ல் கோக்கும் பெப்சியும் அங்கே முழுதாக மாறின. இதுவரை எல்லோருக்கும் தெரிந்தது. விட்டுவிடும் பாதி என்னவென்றால், பாகு ஜெயித்ததற்கு மக்காச்சோள மானியத்தைவிடச் சர்க்கரைக்குக் கொடுத்த பாதுகாப்பு பெரிய காரணம். இறக்குமதிக்கு ஒதுக்கீடு வைத்து, உள்ளூர்ச் சர்க்கரை விலையை உலக விலைக்கு மேலேயே நிறுத்தி வைத்தார்கள். அதனால் பாகு மலிவாகத் தெரிந்தது.

இன்னொன்று. அமெரிக்கர் உணவுக்குச் செலவழிக்கும் ஒரு டாலரில் விவசாயிக்குப் போய்ச் சேருவது சுமார் 15 சென்ட். மீதியெல்லாம் ஆலை, பொட்டலம், லாரி, கடை வாடகை, விளம்பரம். மானியத்தை நாளைக்கே நிறுத்தினாலும் ஒரு பாட்டில் சோடாவின் விலை பெரிதாக ஏறாது என்று வேளாண் பொருளாதார அறிஞர்கள் ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். கணக்குப்படி அது சரிதான். 2016-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், அமெரிக்கர்கள் சாப்பிடும் கலோரியில் 56 சதவீதம் மானியம் பெறும் பொருள்களிலிருந்தே வருகிறது என்றும், அவற்றை அதிகம் சாப்பிடுபவர்களுக்கு உடல் பருமன் வாய்ப்பு 37 சதவீதம் கூடுதல் என்றும் கண்டார்கள். இது இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதற்குத்தான் சான்று. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

என்னை நம்ப வைத்தது வேறொரு சங்கதி. 1996-க்குப் பின் வந்த அமெரிக்க விவசாயச் சட்டங்களில், மானியக் கணக்கில் உள்ள நிலத்தில் காய்கறியோ பழமோ பயிரிட்டால் மானியத்தை இழக்க நேரும் என்று ஒரு விதி இருந்தது. காய், பழத்துக்கு அமெரிக்க விவசாயத் துறை வைத்திருக்கும் பெயரே 'சிறப்புப் பயிர்கள்'. தினமும் தின்ன வேண்டியது சிறப்பாம், சோடாவுக்குப் போவது சாதாரணமாம்! ஆக, மானியம் விலையை எவ்வளவு குறைக்கிறது என்பதைவிட, எந்தப் பயிரின் ஆபத்தை அரசு தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது, எதை விவசாயியின் தலையிலேயே விட்டுவிடுகிறது என்பதுதான் முக்கியம். ஆண்டு முழுக்க, ஒரே தரத்தில், கணிக்கக்கூடிய விலையில் வரும் பொருளை வைத்துத்தான் ஒருவர் தொழிற்சாலை கட்டுவார். விலை நிலையில்லாத பொருளை நம்பி யாரும் அவ்வளவு பெரிய தொழிற்சாலை கட்ட மாட்டார்கள்.

இந்தியாவுக்கு வருவோம். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் வறட்சி. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையை நம்பி நாடு நாளைக் கடத்தியது. அந்த நிலையில் நெல்லையும் கோதுமையையும் அரசே விலை சொல்லி வாங்கி, சேமித்து, ரேஷனில் கொடுக்க முடிவெடுத்ததை இன்று உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது நியாயமில்லை. பசியைத்தான் முதலில் தீர்க்க வேண்டியிருந்தது, தீர்த்தார்கள்.

ஆனால் 60 ஆண்டுக்குப் பிறகும் ஏற்பாடு கிட்டத்தட்ட அதேதான். குறைந்தபட்ச ஆதரவு விலை 22 பயிர்களுக்கு அறிவிக்கிறார்கள். உண்மையில் பெருமளவில் வாங்குவது நெல்லும் கோதுமையும். டெல்டாவில் ஒரு நேரடி கொள்முதல் நிலையத்தை அறுவடை சமயத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குவியல் குவியலாக நெல், மேலே தார்ப்பாய், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிடுவார்களோ என்ற பயம், சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை என்ற புலம்பல். இத்தனை அவஸ்தை இருந்தாலும் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் (2025-26-ல்) என்று ஒரு விலை இருக்கிறது, கடைசியில் வாங்க ஆள் இருக்கிறது. கரும்புக்கும் மத்திய அரசு விலை வைக்கிறது, 2025-26 பருவத்துக்கு 355 ரூபாய். (ஆலைகள் நிலுவை வைப்பது வேறு கதை. அதைக் கரும்பு விவசாயியிடம் கேட்டால் ஒரு நாள் போதாது.)

தக்காளிக்கு இதில் எதுவும் கிடையாது. கிருஷ்ணகிரியிலும் ஒட்டன்சத்திரத்திலும் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டுவார்கள். அதே தக்காளி 2023 ஜூலையில் கிலோ 150 ரூபாயைத் தாண்டியது, ரேஷன் கடையில் வைத்து 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. விலை இப்படிக் குதிக்கும் பொருளைக் கூலி வேலை செய்யும் குடும்பம் எப்படி வழக்கமாகச் சமையலில் சேர்க்கும்? அரிசி விலை அப்படிக் குதித்தால் அடுத்த தேர்தலில் ஆட்சி மாறிவிடும்.

சரி, பாமாயில். நம் ஊர்க் கதையில் முக்கியப் பாத்திரம் இதுதான், ஆனால் மானியம் என்று பேசும்போது யார் கண்ணிலும் படாது, ஏனென்றால் இது விவசாய மானியமே இல்லை. 1980-களின் பிற்பகுதியில் எண்ணெய் வித்துகளுக்கென்று தனித் திட்டம் போட்டு, கடலையும் கடுகும் சோயாவும் பெருகி, நாடு கிட்டத்தட்டத் தன்னிறைவை எட்டியது. 1994-ல் பாமாயில் இறக்குமதியை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். முதலில் வரி 65 சதவீதம், நான்கே ஆண்டில் அது 15 ஆகக் குறைந்தது. இன்று நாம் தின்னும் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளிநாட்டுச் சரக்கு. அதில் மிகப் பெரிய பங்கு இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வரும் பாமாயில்.

வரியை ஏற்றுவதும் இறக்குவதும் எதைப் பார்த்து நடக்கிறது என்று கவனியுங்கள். 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய்களுக்கு அடிப்படை வரியை 20 சதவீதமாக்கினார்கள். சோயா, கடுகு விவசாயிக்கு விலை கிடைக்கவில்லை என்பது காரணம். 2025 மே கடைசியில் அதையே 10 ஆகப் பாதியாக்கினார்கள். சமையல் எண்ணெய் விலை ஏறிவிட்டது என்பது காரணம். ஒரு பக்கம் விவசாயி, மறுபக்கம் விலைவாசி. இதயத்துக்கு நல்லதா கெட்டதா என்று கேட்கும் ஆளுக்கு அந்த மேசையில் நாற்காலியே இல்லை.

அந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் சிலர் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவில் பாமாயிலுக்கு 20 சதவீத வரி போட்டால் 2014 முதல் 2023 வரையிலான 10 ஆண்டுகளில் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் நேரும் சாவுகளில் சுமார் 3.6 லட்சத்தைத் தவிர்க்கலாம் என்று 2013-ல் ஒரு கணிப்பு வந்தது. கணினி மாதிரிதான், நேரில் எண்ணியது இல்லை. அதே கணிப்பு, ஏழைகளுக்குக் கலோரி குறையும் அபாயத்தையும் சேர்த்தே சொன்னது. அந்தப் பின்பாதியை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு.

இப்போது பெட்டிக்கடையில் தொங்கும் ஒரு 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் திருப்புங்கள். பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால் பெரும்பாலும் இந்த வரிசையில் இருக்கும்: மைதா, சர்க்கரை, சுத்திகரித்த பாமாயில், இன்வர்ட் சர்க்கரைப் பாகு, 503, 500 என்ற எண்களில் மாவை உப்ப வைக்கும் உப்புகள், கொஞ்சம் பால் பொருள், எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்துவைக்கும் எமல்சிஃபையர், வாசனை. முதல் மூன்றுதான் எடையில் மிகப் பெரும்பகுதி. மைதாவுக்கான கோதுமையை அரசு ஆதரவு விலையில் வாங்குகிறது. விலை ஏறும்போது தன் கிடங்கிலிருந்தே மாவு ஆலைகளுக்கு ஏலத்தில் விடுகிறது. சர்க்கரைக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு, இருப்பு வரம்பு என்று கடிவாளங்கள் உண்டு. பாமாயிலுக்கு வரிக் குறைப்பு. மூன்றின் விலையும் எகிறாமல் அரசே பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் ஆண்டுக் கணக்கில் 5 ரூபாய் 5 ரூபாயாகவே இருக்கிறது. உள்ளே எடைதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறது.

வீட்டில் அதே மைதா, சர்க்கரை, எண்ணெயில் பலகாரம் சுட்டால் மட்டும் நல்லதா என்று கேட்பார்கள். நல்லதில்லைதான், ஆனால் தினமும் மூன்று வேளை யாரும் சுடுவதில்லை. தொழிற்சாலை உணவின் தனிக் குணம் வேறு. 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை உள்ளேயே தங்கவைத்து, 2 வாரம் தொழிற்சாலை உணவு, 2 வாரம் சாதாரணச் சமையல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். தொழிற்சாலை உணவு கிடைத்த வாரங்களில் அவர்களாகவே நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை ஏறியது. மென்மையானது, சீக்கிரம் இறங்குவது, வயிறு நிறைந்ததென்று மூளைக்குத் தகவல் போவதற்குள் பாக்கெட் காலியாகிவிடுகிறது என்பது அவர்கள் யூகித்த காரணங்களில் ஒன்று.

இனி ரேஷன் கடை. தமிழ்நாட்டில் ஒரு அரிசி அட்டைக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நாலு பேர். மாதம் 20 கிலோ அரிசி இலவசம். சர்க்கரை தலைக்கு அரை கிலோ வீதம் 2 கிலோ, கிலோ 25 ரூபாய். துவரம் பருப்பு 1 கிலோ, 30 ரூபாய். பாமாயில் 1 லிட்டர், 25 ரூபாய். இதை 4 பேருக்கும் 30 நாளுக்கும் வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரிசி 167 கிராம், சர்க்கரை கிட்டத்தட்ட 17 கிராம், பருப்பு 8 கிராம். ஆம், பருப்பைப்போல் இரண்டு மடங்கு சர்க்கரை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பருப்பு, முட்டை, இறைச்சி வகையில் நாளைக்கு 85 கிராம், காய்கறி 400 கிராம் என்று சொல்கிறது. காய்கறி ரேஷனில் இல்லவே இல்லை.

இந்தத் திட்டத்தை நான் மட்டம் தட்டவில்லை. பருப்பும் எண்ணெயும் மலிவு விலையில் கொடுக்க 2007-ல் முன்வந்த மாநிலம் இது. பல மாநிலங்களில் இன்றும் அரிசி, கோதுமையோடு முடிந்துவிடுகிறது. ஆனால் தட்டில் எது பெரிதாக இருக்கிறது என்பதை இந்த அளவுகள்தான் தீர்மானிக்கின்றன. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வில், இந்தியர்கள் பெறும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக 2025-ல் சொன்னார்கள். பெரும்பாலும் தீட்டிய அரிசி, அரைத்த கோதுமை, சேர்த்த சர்க்கரை. அதில் வெறும் 5 சதவீதக் கலோரியைப் பருப்பு, பால் போன்ற புரதத்துக்கு மாற்றினாலே சர்க்கரை நோய் அபாயம் குறைவாக இருந்தது. அரிசிக்குப் பதில் கோதுமையோ அரைத்த சிறுதானியமோ என்று மாற்றியதில் பெரிய பலன் தெரியவில்லை. சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய குக்கீஸ் என்று விற்பவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதே ஆய்வின் 2023 முடிவுகளில் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை, ஆண்களில் 37. அதே ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. எடை கூடிய உடம்பு, இரும்புச்சத்து இல்லாத ரத்தம், இரண்டும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே ஆளிடம். கலோரி மலிந்து, சத்து விலை கூடிய ஊரில் இப்படித்தான் ஆகும். பழியை முழுக்க மானியத்தின் மேல் போடவும் முடியாது. உடலுழைப்பு குறைந்தது, ஆயுள் கூடியது, நம் பரம்பரை வாகு என்று பல காரணங்கள் உண்டு.

அரிசி இலவசம் என்பதால் மிஞ்சும் காசு எங்கே போகிறது? 2023-24 குடும்பச் செலவு ஆய்வில், கிராமத்துக் குடும்பம் தன் மொத்தச் செலவில் தானியத்துக்குப் போடுவது சுமார் 5 சதவீதம். பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு என்ற தலைப்பில் 9.84 சதவீதம். நகரத்தில் அது 11.09. இந்தத் தலைப்பில் டீக்கடை டீயும் ஓட்டல் சாப்பாடும் அடக்கம், ஆகவே எல்லாமே பாக்கெட் தீனி என்று எண்ணிவிட வேண்டாம். இருந்தாலும் போக்கு எந்தப் பக்கம் என்பது தெரிகிறது.

ரேஷனை மாற்றினால் உடம்பு மாறுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு மொரீஷியஸைக் காட்டுவேன். தமிழரும் பிற இந்திய வம்சாவளியினரும் நிறைந்த தீவு. 1987 வரை அங்கே அரசு வழியாக வந்த ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயில். இதய நோய் மோசமாக இருக்கிறது என்று கண்டதும் அதை முழுக்க சோயா எண்ணெயாக மாற்றினார்கள். 5 ஆண்டு கழித்து அளந்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கியிருந்தது. நம் ஆய்வகச் சீட்டுக் கணக்கில் 213-லிருந்து 182. வீடு வீடாகப் போய் யாருக்கும் உபதேசம் செய்யாமல், பாத்திரத்தில் ஊற்றும் எண்ணெயை மாற்றியதற்கு இதில் கணிசமான பங்கு. ஆனால் அதே தீவில் சர்க்கரை நோய் குறையவில்லை, அதற்கு எண்ணெய் மருந்தில்லை. போலந்திலும் இப்படி ஒன்று நடந்தது. கம்யூனிச ஆட்சி முடிந்து வெண்ணெய், பன்றிக்கொழுப்புக்கான மானியம் நின்றது, கடுகு இன எண்ணெயும் சோயா எண்ணெயும் கடைக்கு வந்தன. ஏறிக்கொண்டே இருந்த இதய நோய்ச் சாவு 1991-லிருந்து சரியத் தொடங்கியது.

இந்த இடத்தில் பலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரேஷனில் பாமாயிலை எடுத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் கேட்கிறார்கள். பிழைப்பு என்ற வகையில் அந்தக் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயம். ஆரோக்கியம் என்று காரணம் சொன்னால் மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு பாமாயிலில் 40 முதல் 50 சதவீதம், தேங்காய் எண்ணெயில் 90-ஐ ஒட்டி. கடலை எண்ணெயில் 20-க்குள். இதயத்தைக் கருதினால் திண்டிவனம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கடலைக்குத்தான் முதல் இடம்.

சரி, இலவச அரிசியை ஏன் நிறுத்தக் கூடாது? அரிசியை நிறுத்தினால் அந்தக் குடும்பம் கீரை வாங்கப் போவதில்லை. கடையில் காசு கொடுத்து அரிசியைத்தான் வாங்கும். அந்தக் காசு பருப்பிலிருந்தும் முட்டையிலிருந்தும்தான் வெட்டப்படும். வயிறு முதலில் நிறைய வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. மானியம் என்பதே கெட்டது என்றும் இல்லை. சத்துணவில் பிள்ளைகளுக்கு வாரத்தில் 5 நாள் முட்டை போடுவதும் மானியம்தான். நாமக்கல் பண்ணைகளுக்கு அது நிலையான வாங்குபவர், பிள்ளைக்கு அது நல்ல புரதம். 2023 மே மாதம் நீலகிரியிலும் தர்மபுரியிலும் அரிசியில் 2 கிலோவைக் குறைத்துக் கேழ்வரகு கொடுத்ததும் அந்த வழிதான், அளவு சிறியது என்றாலும்.

வரியிலும் இதே பார்வை வேண்டும், இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் குளிர்பானத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதே நாளில் பிஸ்கட், மிக்சர், சாக்லேட், உடனடி நூடுல்ஸ் எல்லாம் 12, 18 சதவீத அடுக்குகளிலிருந்து 5-க்கு இறங்கின. பாட்டிலில் இருக்கும் சர்க்கரை பாவம், பாக்கெட்டில் இருக்கும் சர்க்கரை புண்ணியம் என்பது என்ன கணக்கோ!

ஒரே ஒரு மாற்றம் கேள் என்றால் நான் ரேஷன் பருப்பைத்தான் கேட்பேன். சர்க்கரை 2 கிலோவை 1 ஆக்கி, பருப்பு 1 கிலோவை 2 அல்லது 3 ஆக்க வேண்டும். செலவு கூடும், கிலோவுக்கு அரசு கைக்காசு போடுவது சர்க்கரையைவிடப் பருப்பில் அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பருப்பு எங்கிருந்து வரும் என்பது. இப்போது டெண்டர் விட்டு வாங்குகிறார்கள், மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் துவரை வரியில்லாமல் நாட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. 2025-26-ல் துவரைக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,000 ரூபாய். கிருஷ்ணகிரி, தர்மபுரியின் மானாவாரி நிலத்தில் துவரை போடுபவர் அதை மூட்டை கட்டிக் கொண்டுபோனால், டெல்டாவில் நெல்லுக்கு இருப்பதுபோல எடைபோட்டு வாங்கிக்கொள்ளும் நிலையம் அவர் ஊர் தோறும் கிடையாது. அதைத் திறந்தால் மாதம் கிலோ கணக்கில் கூடுதல் பருப்புக்கு வழி பிறக்கும், அவரும் துவரையை விட்டுவிட்டு வேறு பயிருக்குப் போக மாட்டார்.